மூட மூட முளைத்த வரி

இது கதையில்லை. மலாக்கா, காஜா பேராங்கில் பொன்னுதுரை வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். அந்தி சாய்ந்தால் மனிதர் இப்போதும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு ஒரு குணம். வீட்டில் எது கெட்டாலும் தானே பிரித்துப் பார்ப்பார். அவர் கைபட்ட சாமானை அப்புறம் எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். மகள் மல்லிகா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோதுகூட, "ப்பா, கம்ப்யூட்டர்ல மட்டும் கை வெச்சிறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். தினமும் அம்மா சந்திரமதி சாமி விளக்கை ஏற்றுகிற நேரத்துக்கு, மகள் அதில்தான் கூப்பிடுவாள். கேமராவில் பச்சை விளக்கு எரியும். "தே தண்ணி குடிச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

மே மாதம் வீட்டுக்கு வரும் வழியில் பஸ் கவிழ்ந்தது. வந்து சேர்ந்தது உடல்தான். ஒரே பிள்ளை. அதன்பின் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மெர்டேக்கா, மலேசியாவின் சுதந்திர தின வாரம். தெருவெல்லாம் கொடி. அன்று அந்தியில் கம்ப்யூட்டர் நகரவே இல்லை. ஒரு மாதமாகவே இப்படித்தான். காலையில் நன்றாக ஓடும். விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் திணறும். உள்ளே ஃபேன்... கிர்ர்ர்... என்று கத்தும்.

பொன்னுதுரை பிரவுசரை மூடினார். உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். மூடிய பிரவுசரின் பெயரில் ஒரு புராசஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை. பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும்.

வைரஸ் என்று நினைத்தார். அதை நிறுத்த 'எண்ட் டாஸ்க்' அழுத்தினார். வரி மறைந்தது.

மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது.

"ஏங்க... விளக்கு வெச்ச நேரத்துல எதையும் மூடாதீங்க" என்றாள் சந்திரமதி, கூடத்திலிருந்து. அந்த நேரத்தில் வாசல் கதவைக்கூடச் சாத்த விடமாட்டாள். வீட்டுக்கு வருகிற லட்சுமி திரும்பிப் போய்விடுவாளாம்.

"அது கதவு. இது கம்ப்யூட்டர் லா. சும்மா இரு."

இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். மறுபடி அழுத்தினார். போனது... வந்தது.

வயர் கையில் இருக்கிறது. அப்புறம் எப்படி?

கேமராவில் பச்சை விளக்கு.

ஸ்பீக்கரில்... உஸ்... உஸ்... யாரோ ஓடி வந்து மூச்சு வாங்குவது போல்.

"என்னங்க... யாரு?"

அவர் மவுஸைப் பிடித்தார்.

மூன்றாம் முறை.

அழுத்தினார்.

பச்சை விளக்கு அணைந்தது. ஃபேன் அடங்கியது. வரி வரவில்லை. "சரியாயிருச்சு" என்று மனைவியிடம் சொன்னார். அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுவாரம் நூர்ஜஹான் வந்தாள். சிங்கப்பூரில் மல்லிகாவோடு ஒரே அறையில் இருந்த பெண். தோழியின் துணிமணிகளையும் லேப்டாப்பையும் கொண்டு வந்திருந்தாள். சந்திரமதி வைத்த தே தண்ணியை அவள் தொடவே இல்லை.

"அங்கிள், ஒண்ணு சொல்வேன். பைத்தியம்னு நெனைக்கக் கூடாது. இந்த லேப்டாப்புல பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. சார்ஜரும் இல்ல. ஆனா ஒரு மாசமா, தெனமும் அந்தி சாயற மக்ரிப் தொழுகை நேரத்துல... உள்ளேருந்து வீடியோ கால் போற சத்தம் கேக்கும்."

சந்திரமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வெள்ளிக்கெழமதான் கடைசி. மூணு தடவ போச்சு. மூணு தடவையும் யாரோ கட் பண்ணிட்டாங்க."

பொன்னுதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் அழுக சத்தம் அங்கிள். மல்லிகா கொரலேதான். 'ப்பா... நான்தான்ப்பா'ன்னு. அதோட நின்னுபோச்சு."

பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறார். எந்தத் தகப்பனுக்குத் தாங்கும்?

இப்போது அந்தியானால் வாசல் கதவைத் திறந்து வைப்பது பொன்னுதுரைதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வரி வரவேயில்லை. சந்திரமதி அவரை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. விளக்கை ஏற்றிவிட்டு வந்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.