மார்கழிப் பூவும் காய்க்காத பூசணியும்

விதைக்கடை வைத்திருக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் காய்த்தால் மண்ணுக்குப் புகழ், காய்க்காவிட்டால் கடைக்காரனுக்குத் திட்டு. தொண்ணூறுகளின் கடைசியில், மலையகத்துப் பசறையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆண் பூ

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் மடியிலிருந்த பூசணிப் பூக்களை மேசையில் கொட்டி, "பூக்குறதெல்லாம் உதிருது" என்று சண்டைக்கு நின்றார். அத்தனையும் ஆண் பூ. இதழைப் பிய்த்து, நடுவில் நின்ற கேசரத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய மஞ்சள் மகரந்தத்தைக் காட்டினேன். இந்தத் தூளைக் கொடுப்பதோடு இதன் வேலை முடிந்தது, உதிரத்தான் செய்யும் என்றேன். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி போலச் சூலகம் இருக்கும். மேலே சூல்முடியில் இந்தத் தூள் பட்டால்தான் அது காயாகும். மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேல முடிஞ்சதும் விழுந்து கெடக்குறது எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க."

பிந்தி எழும்புபவர்

தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர், தன் பூசணியும் காய்க்கவில்லை என்று வந்தார். தேனீ வராவிட்டால் கையாலேயே மகரந்தத்தைத் தடவலாம், ஆனால் விடிந்ததும் செய்யவேண்டும், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த வாரமே வந்துவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் பிந்தி விரியிற பூசணி விதை ஏதும் இருக்கோ?"

கைராசி

மடுல்சீமைப் பக்கத்திலிருந்து புதுப்பெண் செல்வி அழுதுகொண்டே வந்தாள். "ஒரு பிஞ்சு நிக்கல அண்ணே. எனக்குக் கைராசி இல்லேன்னு அத்தை லயம் பூராச் சொல்லிட்டாங்க. அவரும் மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறாரு." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விதை என்னுடையதல்லவா?

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். மார்கழி மாதம். லயத்து வரிசை வீட்டு வாசலில் கோலம், கோலத்தில் சாணிப் பிள்ளையார்கள், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பூசணிப் பூ. கொடியில் பெண் பூக்கள் விரிந்திருந்தன, மருந்துக்கும் ஓர் ஆண் பூ இல்லை. யார் பூப் பறிப்பது என்று கேட்டேன். "நாந்தாங்க," என்றார் மாமியார் பெருமையாக, "காம்பு நீளமானதாப் பாத்துப் பறிச்சாத்தானே சாணியில நிக்கும்?" நீளக் காம்பெல்லாம் ஆண் பூ. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்றை உருவி, லயமே பார்க்கப் பெண் பூவில் தடவினேன். "இனித் தடவிவிட்டுச் சாமிக்கு வையுங்கள். இது இல்லாமல் யார் நட்டாலும் காய்க்காது" என்று சத்தமாகவே சொன்னேன்.

மாசியில் மூவரும் கடைக்கு வந்தார்கள். கணவன் தோளில் ஒரு பூசணிக்காய், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "நான் தடவுனதுங்க, எல்லாம் என் கைராசி" என்றார் மாமியார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். செல்வி முந்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆமாண்ணே, அத்தைக்குத்தான் கைராசி. இனி எப்பவும் விடியக்காலைல குளிர்ல எந்திரிச்சு அவங்கதான் தடவணும். நான் தூங்குவேன்."

கேசரம், மகரந்தம், சூல்முடி, சூலகம் என்று பூசணி காய்க்கத் தேவையானதையெல்லாம் பள்ளியில் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள், மருமகளின் மூளையை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.