நானூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள்

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கணினியின் முன் ரசீது உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் தேடிய நிறுவனத்தின் பெயர் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. அளவுக்கு மீறிய பதிவிறக்கம் நிகழ்ந்ததால், இந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் தரவுத்தள அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது. ‘முழுவதற்கும்’ என்ற சொல்லை மூன்று முறை படித்தார். 

ரசீது என்பது பெற்றோர் வைத்த பெயர் அன்று. பெயிண்ட் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார். ஒரு டப்பா உள்ளே வந்தாலும் சீட்டு, வெளியே போனாலும் சீட்டு. “இவரு கல்யாணத்துக்கே ரசீது வாங்கி வச்சிருப்பாருய்யா” என்று சுமை இறக்குபவர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் வைத்திருந்தார், புகைப்படக்காரர் கொடுத்தது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை அலட்சியமாக இருந்துவிட்டார். அறுநூறு பீப்பாய்கள் வெளியே போன நாளில், மேலாளர் கேட்டார் என்று மூலச் சீட்டை நகல் எடுக்காமல் கொடுத்தார். சீட்டு மறைந்தது. பீப்பாய்களைத் திருடியவர் என்ற பட்டத்தோடு வேலையும் போனது. தொழிலாளர் நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது. இன்று புதன்.

பீப்பாய்களை வாங்கிய வணிக நிறுவனம் இடையில் இரண்டு முறை பெயர் மாற்றியிருந்தது. வெளியாட்கள் நூலகத்தில் புத்தகம் படிக்கலாம். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் அடங்கிய தரவுத்தளம் உறுப்பினர்களுக்கு மட்டுமே. மருமகள் அதே பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளர். அவள் தன் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். “வேணுங்கறத மட்டும் பாருங்க மாமா.” நான்கு வாரங்களில், யாரும் சொல்லித்தராமல், அவரே கற்றுக்கொண்டார். பெயரால் தேடினால் கதவு மூடும். பதிவு எண்ணால் தேடினால் திறக்கும். பெயர் மாறும், எண் மாறாது. நேற்றுக் காலை பத்து மணிக்கு அந்த எண் அவரை அந்த நிறுவனத்தின் சரியான ஆண்டறிக்கையில் கொண்டுபோய் நிறுத்தியது. இருபத்திரண்டாம் பக்கம், ஒன்பதாம் குறிப்பு: நிறுவனத்தின் இயக்குநர், மேலாளரின் மனைவி. சரக்கு வந்தது அதே தொழிற்சாலையிலிருந்து.

அந்த ஓர் அறிக்கையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால், ஒரு தாளை விட்டதால் வாழ்வை இழந்தவருக்கு ஒரு தாள் எப்படிப் போதும்? தொழிற்சாலையின் அறிக்கைகள், சகோதர நிறுவனங்களின் அறிக்கைகள், போட்டி நிறுவனங்களின் அறிக்கைகள், பதினோர் ஆண்டுகளுக்கும். மாலை நான்கு மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் பென் டிரைவில் ஏறியிருந்தன. மனிதக் கை இவ்வளவு வேகமாக எடுக்காது, இது எந்திரத்தின் திருட்டு என்று தரவுத்தளக்காரர்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை.

நூலகர் அறையிலிருந்து வெளியே வந்தார். ஆராய்ச்சி மாணவர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

“அடுத்த வாரம் தீசிஸ் குடுக்கணும் சார். எந்தப் புண்ணியவான் வேலை இது?” என்றாள் ஒருத்தி.

“யாரோட லாகின்னு கேட்டு எழுதியிருக்கேன். பேரு வந்ததும் சாயங்காலம் டீனுக்கு ரிப்போர்ட் போயிடும்” என்றார் நூலகர்.

ரசீது கணினியை விட்டு எழுந்தார். மருமகளின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் கடிதத்தில் கையெழுத்திடப் போகிறவரும் அதே டீன்தான். தன் வேலை போனது போதாதென்று, வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு சம்பளத்துக்கும் தானே உலை வைத்துவிட்டார். படிக்கட்டுக்கு வந்து அவளைக் கைபேசியில் அழைத்தார்.

“எத்தனை மாமா எடுத்தீங்க?”

“நானூத்திப் பன்னெண்டும்மா.”

“என்னது! எல்லாக் கம்பெனியையும் விலைக்கு வாங்கப் போறீங்களா?” சிரிக்க முயன்றாள். “பாஸ்வேர்டு திருடு போச்சுன்னு சொல்லிடட்டுமா? யாருன்னு தெரியலைன்னு?”

அவர் சுவரில் சாய்ந்தார். “சொல்லாதம்மா. திருட்டுன்னு சொன்னா அப்புறம் ஒரு திருடனைத் தேடுவாங்க. துடைக்க வர்ற அம்மா, வாசல் காவலாளின்னு எவனாவது ஏமாந்தவன் தலையில விழும். எப்படி விழும்னு எனக்குத் தெரியும்.”

நூலகரின் அறைக்குள் நுழைந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நூலகர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். 

“உக்காருங்க. என்னிக்கு, எத்தனை மணிக்கு, எதுக்காக எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் என் முன்னாடி அழிக்கணும். அழிச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவங்க கதவைத் திறப்பாங்க.” கண்ணாடியைக் கழற்றினார். “வேற காப்பி எங்கயாவது இருக்கா?”

இருந்தது. நேற்று மாலையே எடுத்த இரண்டாவது பென் டிரைவ், வீட்டுப் பீரோவின் அடித்தட்டில். யாருக்கும் தெரியாது. ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமைக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.  ஆனால் இந்த மனிதர் போடப்போகும் கையெழுத்து, அந்த இல்லை என்ற சொல்லின்மேல்தான் நிற்கும். மேலாளரின் பொய்யை நம்பி வேலைநீக்க உத்தரவில் போட்ட ஒரு கையெழுத்துதான் தன்னைத் தெருவில் விட்டது.

“இருக்கு சார். வீட்டுல. கொண்டு வர்றேன்.”

பேருந்தில் போய், வந்து, பதினொன்றரைக்கு இரண்டையும் மேசையில் வைத்தார். அழிக்கும் முன் விரல் நின்றது.

“அந்த ஒரு பக்கத்தை மட்டும்…”

“ஒண்ணு மிச்சம் இருந்தாலும் நான் எழுதறது பொய்தானே சார்?”

“சரி. எந்தப் பதிவு எண், எந்த வருஷம், எந்தப் பக்கம், எத்தனையாவது குறிப்பு, இதை ஒரு தாள்ல எழுதிக்கலாமா?”

நூலகர் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். “அதை எந்தக் கம்பெனிக்காரனும் தடுக்க முடியாது. எழுதிக்கங்க.”

எழுதினார். அந்த அறிக்கையைக் கொண்டுவர உத்தரவிடும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்பது சட்டப் புத்தகத்தில் படித்தது. நீதிபதி ஒப்புக்கொள்வாரா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன.

மாலையில் டீன் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே மருமகள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். ஒருமுறை தேநீர்த் தட்டோடு வந்தவருக்கும் எழுந்து நின்றார்.

அவள் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“ஆறு மாசத்துக்கு லாகின் கிடையாது. எழுத்துல எச்சரிக்கை. நீங்க எழுதிக் குடுத்ததை ரெண்டு தடவை படிச்சாரு மாமா.”

“வேலை?”

“இருக்கு. ஆனா இன்னொரு தடவை நடந்தா இருக்காதுன்னாரு.”

பதிவு எண் எழுதிய தாளைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு நானும் வர்றேன்” என்றாள்.

“வேணாம்மா. லீவு கேட்கப் போனா அவரு மூஞ்சியை மறுபடி பார்க்கணும்.”

“எனக்கும் பயந்தான் மாமா. ஆனா தனியாப் போனா நீங்க அங்க வாயே திறக்க மாட்டீங்க.”

அது உண்மைதான். படிகளில் இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்; அவள் ஒரு படி பின்னால், அவர் வேகத்துக்கே வந்தாள்.