தேயிலைப் பெட்டியில் இறங்கிய கேமரா

போன வாரம் கொழும்பில் கேமரா கண்காட்சி. போயிருந்தேன்.

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு கல்யாணப் படம் பிடிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு ஸ்டாலில் நல்ல கூட்டம். எட்டிப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி. உள்ளே தங்க மீன்கள். டை கட்டிய விற்பனையாளர் கைக்கடக்கமான ஒரு கேமராவை எடுத்தார். உறை கிடையாது, பெட்டி கிடையாது... அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினார். சுற்றி நின்றவர்கள் பதறிப் போனார்கள். அவர் நிதானமாக உள்ளேயே ஒரு படம் எடுத்தார். வெளியே எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். 'இனித் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை' என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர், விலையைக் கேட்டுத்தான் கலங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தச் சாமான் இருந்திருந்தால் என் ஜெர்மன் கேமரா பிழைத்திருக்கும். ஆனால் செல்வராசாவை நான் சந்தித்திருக்க மாட்டேன். எது லாபம்?

கதையை ராமையாவிலிருந்து தொடங்க வேண்டும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அவருடைய தோட்டம். தேயிலை ஸ்டோரில் வேலை. பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்து, தூளைக் கொட்டி, ஆணி அடித்து மூடி அனுப்புவார். ஒருநாள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்.

"படக்காரய்யா, தண்ணிக்குள்ள இருக்கிற கல்லைப் படம் புடிக்க முடியுங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார்கள். இந்த மண்ணில்தான் காலங்காலமாக இருக்கிறோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனிடம் ஏது காகிதம்? தோட்டத்தில் ஆள் பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. ராமையாவின் அப்பா கருப்பையா இங்கே வாழ்ந்ததற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அது ஒரு கல்.

அந்தத் தோட்டத்துக் கீழ் டிவிஷன் மாரியம்மன் கோயில் வாசற்படி. அதை உபயமாகப் போட்டவர் கருப்பையா. படியிலேயே தன் பேரையும், ஊரையும், வருஷத்தையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். சுவரில் வெட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள். படியில் வெட்டினால் கும்பிட வருகிறவர்களின் கால் தூசி பேரின் மேல் படும். அதுதான் புண்ணியம் என்று நினைத்த மனிதர்.

பிறகு மின்சாரத்துக்காக ஆற்றை மறித்தார்கள். கீழ் டிவிஷன் முழுக்கத் தண்ணீர். அம்மனை மேளதாளத்தோடு மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சூலத்தைத் தூக்கினார்கள், மணியைக் கழற்றினார்கள். படியை யார் தூக்குவார்கள்? அது சுண்ணாம்புச் சாந்தில் இறுகிப்போய் அங்கேயே கிடந்தது. இப்போது அதன் மேல் இரண்டாள் ஆழத் தண்ணீர். கோயில் வாசலில் நின்ற மரத்தின் மொட்டைக் கிளைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

விசாரணைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"பெட்டிக்குள்ள கேமராவை வச்சு இறக்கிருவோங்க" என்றார் ராமையா. "தேயிலைப் பெட்டி. ஈயத்தாள் போட்டு நான் அடைச்சுத் தர்றேன். கப்பல்ல கடல் தாண்டிச் சீமைக்குப் போகுதுங்க, ஒரு பொட்டு ஈரம் ஏறாது."

யோசித்துப் பாருங்கள்... மறுத்துப் பேச முடிகிற வாதமா இது? உலகம் முழுக்கத் தேயிலை அப்படித்தானே போகிறது? நானும் நம்பினேன். பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்துக் கண்ணாடி பதித்தோம். ஷட்டருக்கு ஒரு கயிறு. ஓட்டைக்கு மெழுகு. காலித் தார் பீப்பாய் நாலைக் கட்டி ஒரு தெப்பம். எனக்கு நீச்சல் தெரியாது. ராமையாவுக்கும் தெரியாது. மலையில் பிறந்தவனுக்கு நீச்சல் எதற்கு?

பெட்டியைத் தண்ணீரில் விட்டோம். அது மிதந்தது.

அமுக்கினோம், மிதந்தது. மேலே கல்லை வைத்தோம், ஒய்யாரமாகச் சாய்ந்து கல்லைத் தள்ளிவிட்டு மறுபடியும் மிதந்தது. கரையில் நின்ற தோட்டத்துச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராமையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு அம்மிக்கல் அளவுக் கற்களைச் சேர்த்துக் கட்டினார். பெட்டி போனது. போன வேகத்தில் கண்ணாடி கழன்றுகொண்டது. குமிழி மட்டும் மேலே வந்தது.

கயிற்றை இழுத்து எடுத்தபோது என் கேமரா தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஈரக் காற்று வேறு, தண்ணீரின் அழுத்தம் வேறு என்பது இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. ராமையா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டில் என் மனைவி, "மீனுங்க யாராச்சும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள்.

அந்த மாதம்தான் கொழும்பில் கேமரா கம்பெனிக்காரர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். மண்டப வாசலில் காவல்காரர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். டீ கொண்டுவந்த ஆளாக்கும் என்று பின்வாசலுக்குப் போகச் சொன்னார். போனேன். வேறென்ன செய்வது?

ஸ்டால் ஸ்டாலாகக் கேட்டேன், தண்ணீருக்குள் இறக்க ஏதாவது இருக்கிறதா என்று. ஒருவர் கேட்லாக்கைக் கொடுத்தார். ஒருவர், "ஹட்டனில் ஏது கடல்?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுத் தன் பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணைக் காட்டினார். கடைசியில் ஒரு தூணோரம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் வயதுக்காரர் ஒருவர் வந்தார். கறுத்து மெலிந்த ஆள். என்னை எழும்பச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு மூலைகளைத் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழத்தில விட்டது?" என்றார்.

"ரெண்டாள் ஆழம்."

"கமரா?"

"போச்சுங்க."

"கவலைப்படாதேங்கோ. நான் மூண்டு குடுத்திட்டன்."

அவர்தான் செல்வராசா. திருகோணமலை. துறைமுகத்தில் வேலை, ஓய்வு நாளில் கடலுக்கடியில் படம் பிடிக்கிற பைத்தியம். அவருடைய பித்தளைப் பெட்டியைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். லொறி டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், சுற்றிலும் முடுக்கிய திருகாணிகள். என் விரலைப் பிடித்து அந்த ரப்பரின் மேல் அமுக்கினார். எவ்வளவு முடுக்கினால் போதும், எவ்வளவுக்கு மேல் முடுக்கினால் பிதுங்கும் என்று விரலுக்கே தெரிந்தது. எந்தப் புத்தகம் அதைச் சொல்லித் தரும்?

"முதல்ல கமரா இல்லாமல் இறக்குங்கோ" என்றார். "உள்ளுக்கு ஒரு பேப்பர் துண்டு வையுங்கோ. அது நனையாட்டித்தான் கமரா. மற்றது, நாலடியில இருக்கிறது தண்ணிக்குள்ள மூண்டடி மாதிரித்தான் தெரியும். மூண்டடிக்கு வையுங்கோ. நாலுக்கு வைச்சால் கலங்கிப்போம்."

பேப்பர் துண்டு! எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்த ஒரே நல்ல கேமராவைத்தானே நாங்கள் பேப்பர் துண்டாக வைத்து இறக்கியிருக்கிறோம்?

இதற்குத்தான் கண்காட்சி என்கிறேன். தரையில் படம் பிடிக்கிறவனுக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த தெருவில் இன்னொரு ஸ்டூடியோ இருக்கும். பொறாமைக்காரனாக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்வான். தண்ணீருக்குள் படம் பிடிக்கிறவன் யாரிடம் போவான்? ஊருக்கு ஒருத்தன்கூடக் கிடையாது. ஊர் அவனைக் கிறுக்கன் என்கிறது, அவனும் அதை நம்பத் தொடங்குகிறான். கண்காட்சியில்தான் இன்னொரு கிறுக்கனைப் பார்க்கிறான். விற்பனைக்கு வைத்திருக்கும் சாமான் எல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

ராமையாவின் கல்லைப் பற்றிச் சொன்னேன். செல்வராசா பித்தளைப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்தார். "நானே வாறன்" என்றார்.

இரண்டு வாரத்தில் வந்தும்விட்டார். கடலில் ஊறிய மனிதர், எங்கள் நீர்த்தேக்கத்தில் காலை வைத்ததும் துள்ளிக்கொண்டு பின்வாங்கினார். "இது தண்ணியோ ஐஸோ?" என்றார். ஆனாலும் இறங்கினார். ஒரு மூச்சுக்குப் போய்ப் படியைக் கண்டுபிடித்தார். அடுத்த மூச்சுக்குத் தேங்காய் மட்டையால் பாசியைத் தேய்த்தார். சேறு கலங்கியது. அது தெளியும் வரைக்கும் ராமையாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ராமையாவின் மனைவி கொடுத்த பால் விடாத சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார். பிறகு பித்தளைப் பெட்டியோடு திரும்பத் திரும்ப மூழ்கினார். பன்னிரண்டு படம்.

அன்று மாலையே டார்க் ரூமில் கழுவினேன். ராமையா வெளியே இருக்க மாட்டேன் என்றார். சிவப்பு விளக்கில் மூன்று பேரும் மருந்துத் தட்டைச் சுற்றி நின்றோம். பதினொன்று கலங்கல். பன்னிரண்டாவதில் முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு 'க'. பிறகு மெல்ல மெல்ல... கருப்பையா உபயம். ஊர். வருஷம். ஒரு எழுத்து குறையவில்லை.

ராமையா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்பா பேருக்கு மேல ஒரு மீனு நிக்குதுங்க."

நின்றது. விரல் நீள மீன். தன் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றது.

விசாரணைக்கு நானும் கண்டிக்குப் போனேன், சாட்சியாக. அதிகாரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீருக்குள் எடுத்ததா என்று இரண்டு தரம் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் எங்களிடம், "படம் ரொம்ப நல்லா இருக்குன்னு ஐயா சொல்றாங்க" என்றார். ராமையா சிரித்தார். நானும்தான்.

பிறகு அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கருப்பையாதான் உன்னுடைய கருப்பையா என்பதற்கு என்ன அத்தாட்சி?

ராமையா என்னைப் பார்த்தார். நான் செல்வராசாவின் ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொல்வேன், மூன்றடி நாலடிக் கணக்கைச் சொல்வேன். இதற்கு என்ன சொல்வேன்? மனு தள்ளுபடி என்று மூன்றாம் மாதம் கடிதம் வந்தது.

போன மாதம் ராமையா ஸ்டூடியோவுக்கு வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். பாஸ்போர்ட் படத்துக்கு. பிரஜாவுரிமை கிடைக்காதவர்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டேன்.

"திருச்சிப் பக்கம் அப்பாவோட ஊருங்க. நான் பார்த்ததில்லை" என்றார். வெளியே போனவர் திரும்பி வந்தார். "அந்தக் கல்லுப் படம் இன்னொன்னு போட்டுத் தாங்கய்யா. அங்க கேப்பாங்கல்ல, எங்கேருந்து வந்தேன்னு."

பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "இந்த மீனு இன்னும் அங்கதான் இருக்கும்" என்றார்.

இதைச் சொல்லத்தான் போன வாரம் கொழும்புக்குப் போனேன். செல்வராசா வருவார் என்று தெரியும். தவறாமல் வருகிறவர். அந்தக் கண்ணாடித் தொட்டி முன்னால்தான் அவரைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்க மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர படத்தில பிழை ஒண்டும் இல்லையே?" என்றார்.

"படத்துல இல்லைங்க" என்றேன்.

ஒன்று மட்டும் ஆறுதல்... அந்த மீனிடம் இதுவரை யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.