மாமா வளைத்த ரோஜா

என் அக்காவின் கணவர் பிளம்பர். ஊரார் வீட்டில் ஒழுகுவதையெல்லாம் நிறுத்திவிடுவார். சொந்த வீட்டுக் குழாய் மட்டும் வருஷம் முழுக்கச் சொட்டும். ஏனென்று கேட்டால் பதில் வராது. அப்படியொரு கல்லுளிமங்கன். அந்த மனிதர் ஒரு ரோஜாச் செடியோடு மல்லுக்கட்டினார் என்றால் காரணம் அக்காதான்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து எலும்பும் கூடிவிட்டது. "இனிமே நடக்கிறது உங்க கையிலதான் இருக்கு. இப்படியே படுத்திருந்தா அப்புறம் நினைச்சாலும் எழுந்துக்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ காலைத் தரையில் வைக்கச் சொன்னாலே அலறினாள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நான் கெஞ்சினேன், திட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"விழுந்தவளுக்குத்தான்டி தெரியும் பயம்" என்பாள்.

கட்டிலிலிருந்து பார்த்தால் எதிர்ச்சுவர் ஜன்னலில், வெளியே தொட்டியில் வைத்த கொடி ரோஜாவின் மொட்டைத் தண்டுகள்தான் தெரியும். பூவெல்லாம் மேலே, மாடி வீட்டுக்காரர்களின் பால்கனியில்.

"தண்ணி நம்ம வீட்டுது, பூ மாடி வீட்டுக்கு. நல்லா இருக்கு நியாயம்!"

அவள் புலம்பியது மாமாவுக்கு உறைத்துவிட்டது. நேராக நிற்கிற தண்டு வலுவையெல்லாம் நுனிக்கே அனுப்பும், சாய்த்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்க்கும் என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே பெரிசு. ஜன்னலுக்கு வெளியே கம்பி இழுத்து, பழைய பனியனைக் கிழித்துக் கட்டி, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினார். இரண்டு தண்டுகள் சொன்னபடி கேட்டன. சிவப்புத் துளிர்களும் வந்தன.

"உங்க மாமா அஞ்சுலயும் வளையல, அம்பதுலயும் வளையல. செடியை வளைக்க வந்துட்டாரு!" என்று அக்கா சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது தண்டு தடியன். தண்ணீர் குடித்த தண்டு விறைத்து நிற்கும், வளைத்தால் முறியும். அதனால் செடியை வாடவிட்டு, உச்சி வெயிலில் அது துவண்டிருக்கும்போது வளைக்க வேண்டுமாம். "யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு வேலைக்குப் போனார். இலைகள் தலை தொங்கின.

"வாயில்லாச் சீவனைப் பட்டினி போடறாரே, பாவி மனுஷன்!" என்று அக்கா முனகிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மாமா சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தார். அவசரத்தில் இலைகளைக்கூடக் கவனிக்கவில்லை. தண்டைப் பிடித்து வளைத்தார். மடக்கென்று முறிந்தது. தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார். மண் ஈரம்.

முறிந்த தண்டோடு உள்ளே வந்து, "யாரு தண்ணி ஊத்தினது?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சமையல், துணி, உங்க பொண்டாட்டிக்குப் பணிவிடை, இதுக்கு நடுவுல உங்க செடிக்குத் தண்ணி வேறயா? எனக்கு வேற வேலையில்ல பாருங்க!"

"அவகிட்ட ஏன் கத்தறீங்க? நான்தான் ஊத்தினேன்" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து.

"நீயா? எப்படி?"

"எப்படின்னா? சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போயிதான். கண்ணெதிர்ல ஒண்ணு வாடுது, நான் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கவா?"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார்.

அக்கா பதறிவிட்டாள். "ஐயோ, ஒரு கிளை போனதுக்கா இப்படி அழறீங்க? வேற வளரும்ங்க!"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து அவளிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவை ஊத்து. நான் பார்க்கணும்."

அக்கா சொம்பை வாங்கிக்கொண்டு காலைத் தரையில் வைத்தாள்.