சிங்கப்பூருக்குப் போன சாம்பிள் அரிசி

எட்டு வயதில் நான் சிங்கப்பூரை வெறுத்தேன். அது எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அப்போது தெரியாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டி மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு அம்மாவும் பெரியம்மாவும் பஸ்ஸில் போவார்கள். முறத்தோடு உட்கார்ந்து கல்லும் கறுப்பரிசியும் பொறுக்குகிற வேலை. லீவு நாட்களில் நானும் ஒட்டிக்கொள்வேன். அந்த வருஷம் மில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. சிங்கப்பூர் ஆர்டர் வந்தால் தினமும் ஓடும் என்றார் முதலாளி. ஆர்டருக்கு முன்னால் மெஷின் வந்தது. விழுகிற அரிசியை உற்றுப் பார்த்து, கறுப்பை மட்டும் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின். அதில் ஓடிய அரிசிதான் வேண்டுமாம் அவர்களுக்கு.

“அவன் சோறு திங்க நம்ம வயித்துல அடிக்கிறான்” என்றாள் பெரியம்மா.

“ஆர்டர் வந்தா வேலை நெறைய வரும்ங்கறாங்களேக்கா.”

“வரும், வரும். மெஷினுக்கு.”

எனக்கு அது போதும். மெஷின் தோற்க வேண்டும், அம்மா ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் உலகம்.

சாம்பிள் அனுப்புகிற நாள். மெஷினில் ஓடிய அரிசி ஒரு சின்ன மூட்டையில், மல்லிகை மொட்டு போல, வாய் கட்டாமல் நின்றது. பக்கத்திலேயே மெஷின் துப்பிய கறுப்பரிசி ஒரு தொட்டி நிறைய. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு கை அள்ளிப் போட்டு, முழங்கை வரை விட்டுக் கலக்கினேன். கீழே சிந்தியதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூட்டையைக் கட்ட வந்த மேஸ்திரி உள்ளே கறுப்பைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெஷின்காரர் காலையிலேயே கோயமுத்தூர் போய்விட்டார், கரண்டும் இல்லை. நாலு மணிக்கு பார்சல் வண்டி.

“மெஷின் லட்சணத்தப் பாத்தீங்களா” என்றாள் பெரியம்மா. எனக்குள் ஒரு குட்டித் தேர் கிளம்பியது.

அம்மாதான் அதை நிறுத்தினாள். “கொட்டுங்க மேஸ்திரி. அக்கா, முறத்த எடு.”

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். பேச்சில்லை, பாட்டில்லை, பன்னிரண்டு பேர் குனிந்து, தங்களை விரட்ட வந்த மெஷினின் அரிசியைத் தங்கள் விரலால் பொறுக்கினார்கள். அம்மா எதிரி பக்கம் போய்விட்டாள் என்று நான் தூண் மறைவில் நின்று அழுதேன். நாலடிக்கக் கொஞ்சம் இருக்கையில் மூட்டை மறுபடி மொட்டாகி வண்டி ஏறியது.

ஆர்டர் வந்தது. மில் தினமும் ஓடியது. அம்மா சாக்கு தைக்கும் பக்கம் போனாள், பெரியம்மா நெல் காயும் களத்துக்கு. மூட்டை தூக்கப் புது ஆட்கள் வந்தார்கள். பொறுக்கியவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. வெளிநாட்டு ஆர்டரால் உள்ளூரில் வேலை பெருகுமா என்று இன்று தென்னூர் டீக்கடையில் யாராவது வாதாடினால், எந்தக் கட்சியில் சேர்வதென்று தெரியாமல் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அதெல்லாம் பிறகு. அன்று பஸ்ஸில் அம்மா டிக்கெட்டைப் பத்திரப்படுத்த என் சட்டைப் பைக்குள் கை விட்டாள். விரலோடு நாலைந்து கறுப்பரிசி வந்தது.

“ஏண்டி பண்ணுன?”

“மெஷின் தோத்தா உன்னைய வெச்சுக்குவாங்கல்ல.”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மாவும் பக்கத்தில் பெரியம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பெரியம்மா சிரிப்பு அடங்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். அவ்வளவு வேடிக்கையாக என்ன சொல்லிவிட்டோம் என்று எனக்குப் புரியவில்லை.