ஒரு வகுப்பு தூரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்கு இரண்டே பேர்தான். அக்காவும் தங்கையும். தலைமையாசிரியர் தொடங்கி ஆறாம் வகுப்பு வாண்டுகள் வரை எல்லோருக்கும் அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. பெரியக்கா நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். சின்னக்கா நேர் எதிர். விளக்குமாற்றோடு சண்டை போடுவாள். அடைத்துக்கொண்ட குழாயைப் பார்த்து, "உனக்கு என் மேல என்னடா கோபம்?" என்று கேட்பாள்.

மேல் மாடியில் வேதியியல் ஆய்வகம். அங்கே ஒவ்வொரு குப்பியிலும் பெயர் ஒட்டி, அபாயக் குறி போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். கழிவறை கழுவும் சாமான்கள் கீழே மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். ஆசிட், யாரோ குடித்துப் போட்ட பழச்சாறு பாட்டிலில் இருக்கும். பிளீச்சிங் பவுடர் பழைய பிஸ்கட் டப்பாவில். இரண்டிலும் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

எதற்கும் மசியாத கறைக்குப் பெரியக்கா ஒரு கைவைத்தியம் வைத்திருந்தாள். பவுடரைத் தூவி அதன்மேல் கொஞ்சம் ஆசிட்டை விடுவாள். நுரைத்துப் பொங்கும். நெடி மூக்கைத் துளைக்கும். துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பிள்ளைகளின் கழிவறையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருந்ததால் கொஞ்ச நேரத்தில் நெடி போய்விடும்.

"ரெண்டையும் சேர்த்தா ரெட்டைப் பலம்டி," என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

ஒரு நாள் பள்ளிக்கு ஆய்வாளர்கள் வருவதாக இருந்தது. காலையிலிருந்தே ஆளாளுக்குக் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் ஓடினார்கள். ஆசிரியர்களின் கழிவறைத் தரையில் நெடுநாளாக ஒரு மஞ்சள் கறை. ஒருவர் நின்றால் நிறைந்துவிடும் அறை, ஜன்னல் இல்லை. "அதை நான் பாத்துக்கறேன்," என்று சின்னக்கா போனாள். கறை பெரிது என்பதால் பவுடரும் நிறைய, ஆசிட்டும் நிறைய. ஆய்வாளர்கள் நடக்கிற வழி, நெடி வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து தேய்த்தாள்.

வெளியே வந்தபோது அவள் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. இருமல் நிற்கவில்லை. பெரியக்கா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள்.

"இவ்வளவு நேரமாவா உள்ள இருந்தே? வெளிய வரவேண்டியதுதானே?"

"கறை போயிடுச்சுக்கா. போய்ப் பாரேன், பளபளன்னு இருக்கு."

மதியம் பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதையாவது எதோடயாவது கலந்தீங்களா?"

கலந்தது வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று பெரியக்காவுக்கு ஒரு பயம். "இல்லைங்க டாக்டர். வெறும் ஆசிட் நெடி. கொஞ்சம் ஏறிடுச்சு."

சின்னக்கா ஒரு கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சின்னக்கா வெங்காயம் நறுக்கினாள். ஏழு வயது மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். பொழுது சாயும்போது மூச்சு இழுக்கத் தொடங்கியது. இரண்டு தலையணையை அடுக்கியும் படுக்க முடியவில்லை. அவளுடைய கணவன் பை தைக்கும் தொழிலாளி. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினான். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சின்னக்கா போய்ச் சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது.

பெரியக்காவுக்கு வேறு நாதி இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவனை இழந்து, தங்கை வீட்டோடு வந்துவிட்டவள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும், தங்கை கணவனுக்குத் தைரியம் சொல்வதும், பள்ளிக்கூடத்தை ஒற்றை ஆளாகக் கழுவுவதுமாக நாலு மாதம் ஓடியது.

ஒரு முற்பகல், மேல் மாடி நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்துக் கதவு திறந்திருந்தது. வேதியியல் சார் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணீரில் சர்க்கரையைப் போட்டால் அது கரைசல். தண்ணீரை வற்ற வைத்தால் சர்க்கரை திரும்பக் கிடைக்கும். ஆனால் வேதிவினை நடந்துவிட்டால் கதையே வேறு. பழைய பொருள் போய்ப் புதுப் பொருள் வந்துவிடும். நிறம் மாறலாம், சூடு வரலாம், வாயு கிளம்பலாம். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் கிளம்புவது குளோரின். பச்சை கலந்த மஞ்சள் நிறம். விஷம். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு தங்கும்."

பெரியக்கா துடைப்பானைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். குந்தி உட்கார்ந்திருந்த தங்கை கண்முன்னால் வந்தாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் உள்ளே வந்தாள். "சார், இப்ப சொன்னீங்களே, அந்தப் பவுடரு. நாங்க போடுறதும் அதேதானா?"

அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. "எதோட கலந்தீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டு வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறேன். தினம் அந்தப் படியிலதான் இறங்குறேன். ஒரு நாளாவது உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லணும்னு எனக்குத் தோணலையே."

"இது எந்த வகுப்புல வருது சார்?"

"பத்தாம் வகுப்பு."

"அவ ஒம்பதாவது முடிச்சா. நல்லா படிப்பா. நான்தான் வேலைக்குத் துணையா இருப்பான்னு நிறுத்திட்டேன்." பிறகு கேட்டாள்: "டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"அங்கேயே வச்சுப் பாத்திருப்பாங்க. ஆக்சிஜன் குடுத்திருப்பாங்க. பொழைச்சிருப்பாங்களா... எனக்குத் தெரியலம்மா. தெரியாததைச் சொல்லி உங்களைத் தேத்த மாட்டேன்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்த நேரம், பெரியக்கா தையல் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா."

நிறுத்தினான். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். அவன் ஊசியில் மாட்டியிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், கையில் கிடைத்ததை எறிவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை.

"தெரியாம சொல்லிக்குடுத்தீங்க, அதை விடுங்க," என்றான் கடைசியில். "டாக்டர்கிட்ட மறைச்சது தெரிஞ்சுதானே? இத்தனை மாசமா என்கூட உக்காந்து அழுதீங்களேக்கா. ஒரு தடவைகூடச் சொல்ல வாய் வரலையா?"

மறுவாரம் பெரியக்கா இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். அவன் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. குழந்தை மட்டும், "பெரியம்மா, எப்ப வருவே?" என்று வாசல் வரை வந்தது.

தலைமையாசிரியரிடமும் போய் அவளே சொன்னாள். அவ்வளவு பயந்த வேலை போகவில்லை. "இனிமே கவனமா இருங்க," என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். வேலை போகாது என்ற வார்த்தையை நாலு மாதத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் என்று அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வேதியியல் சார் கீழே வந்து பழச்சாறு பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது ஆசிட் பாட்டிலிலும் பவுடர் டப்பாவிலும் தடித்த எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். பெரியக்கா அதைப் பார்த்துவிட்டு, "எழுத்து தெரியாதவங்க எத்தனையோ பேரு இந்த வேலையில இருக்காங்க சார். அவங்ககிட்ட யாராவது வாயாலதான் சொல்லணும்," என்றாள்.

வாய் திறக்காத அந்த மனுஷிதான் சனிக்கிழமைகளில் கிளம்பினாள். அலுவலகம், திரையரங்கம், மருத்துவமனை என்று எங்கே துப்புரவுப் பெண்கள் இருந்தாலும் தேடிப் போவாள். எல்லா இடத்திலும் பேச்சைத் தொடங்குவது ஒரே மாதிரிதான்: "என் தங்கச்சி செத்துப்போயிட்டா. நான் சொல்லிக்குடுத்ததைக் கேட்டு."

சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தங்கை கணவன் தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பான், அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் ஆகியும் வீட்டுக்கு வா என்ற வார்த்தை வரவில்லை.

போன சனிக்கிழமை ஒரு திரையரங்கில், வேலை பார்க்கும் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "ஆறு வருஷமா இப்படித்தான் கலக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே! போங்கக்கா, அடுத்த ஆட்டம் விடறதுக்குள்ள முடிக்கணும்."

பெரியக்கா வாதாடவில்லை. கதவை அகலத் திறந்து அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். ஆசிட் பாட்டிலை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூலையில் கிடந்த இன்னொரு பிரஷ்ஷை எடுத்து, சோப்புத்தூளைக் கரைத்து, அந்தப் பெண்ணுக்கு அருகில் குந்தி உட்கார்ந்து கறையைத் தேய்க்கத் தொடங்கினாள்.