பைகால் கூனியின் வெள்ளை மீசை

பைகால் ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்து, அடியாழத்தில் வாழும் கூனிகளைப் பிடித்து, வகை பிரித்து இர்குத்ஸ்க் நகர ஆய்வகத்துக்கு அனுப்புவது என் உத்தியோகம். கடலே காணாத ஊரில் இறால் பொறுக்கிச் சம்பளம் வாங்கியவள் நான்.

எங்கள் கூனிகளில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. வெயிலே எட்டாத அந்தக் குளிரில் அவை எதற்காக முதுகில் முள் வளர்க்கின்றன, எதற்காகக் கண்ணை இழக்கின்றன என்பது அவற்றுக்கே வெளிச்சம். ஆனால் ஒவ்வொன்றின் பெயரிலும் யாராவது ஒரு பேராசிரியர் தொற்றிக்கொண்டிருப்பார். அவர்களுள் சிலர் இந்த ஏரியைக் கோடையில் மட்டுமே பார்த்தவர்கள். ஓய்வு பெறுமுன் என் பெயரிலும் ஒன்று அந்த இருளில் ஊர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு பனிக்காலம்.

அந்த மார்ச் மாதத்தில், வழக்கம்போல் என் கணவர் கர்மா மோதிர விரலால் ஏரிக்குப் படையலாகப் பால் தெளித்தார். இரையாக ஓமுல் மீன்தலையைக் கூனி பிடிக்கும் கூண்டுக்குள் குதிரைமுடிக் கயிற்றால் கட்டினார். நனைந்தாலும் விறைக்காது என்பதால் புரியாத்தியர்களாகிய நாங்கள் பனிமேல் வேறு கயிற்றைத் தொடுவதில்லை. எங்கள் வெள்ளைக் குதிரையின் வாலிலிருந்து அவரே திரித்த கயிறு அது. கூண்டை இரும்புக் கம்பியில் கோத்து அடிமட்டம்வரை இறக்கினோம்.

மறுநாள் ஏறிவந்த கூண்டில் அந்தக் கூனி இருந்தது. வெளிறிய உடல் சுண்டுவிரலளவு. மீசையோ ஒரு முழத்துக்கும் மேல், தூய வெள்ளை! அத்தகைய மீசையை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. இருளில் தடவித் தடவி இரை தேட இயற்கை அளித்த கருவி என்று உடனே ஒரு கோட்பாட்டையும் வகுத்துக்கொண்டேன்.

கூனியை ஏரிநீர் வாளியில் விட்டுக் குளிர்ந்த முன்னறையில் வைத்தேன். ஆய்வகத்திலிருந்து இளம் ஆய்வாளன் கிளெப்பை வரச்சொன்னேன். செசெக்மா என்ற என் பெயரை அறிவியல் பெயருக்குரிய லத்தீன் முறைப்படி ‘செசெக்மே’ என்று மாற்றி, சரியாக ஒலிக்கிறதா என்று அடுப்படியில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அத்துடன் நின்றேனா? ஊரையே விருந்துக்கு அழைத்து, பூஸா என்னும் இறைச்சிக் கொழுக்கட்டை அவிக்க மாவும் பிசைந்தேன்.

கணவரின் தங்கை பூதித் வந்ததும் வாளியை எட்டிப் பார்த்தாள். “அண்ணி, நாளைக்கு எங்க கூடல்லாம் பேசுவீங்களா, இல்ல லத்தீன் தெரிஞ்சவங்க கூட மட்டுந்தானா?” என்றாள். அந்தக் கேலியையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பனிமேல் வண்டியோட்டி வந்த கிளெப், இடுக்கியால் மீசையை மெல்லப் பற்றித் தூக்கினான். மீசை இடுக்கியோடு வந்தது. கூனி வாளியிலேயே சுறுசுறுப்பாக நீந்தியது; தனக்கென்று பிறவியிலேயே அமைந்த இரண்டு சோடிக் குட்டை மீசைகளை ஆட்டிக்கொண்டு.

கிளெப் தர்மசங்கடத்தோடு சொன்னான்: “அக்கா, இது நமக்குத் தெரிஞ்ச வகைதான். போன வருஷம் நீங்களே ஒரு போத்தல் நிறைய அனுப்பினீங்க.”

கர்மா அந்த வெள்ளை இழையை வாங்கி விரலில் சுற்றினார்.

“நம்ம குதிரையோட வால் முடி.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“வாளியில விட்டியே, அப்பவே. மீன்தலைப் பிசுக்குல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.”

“ஏன் சொல்லல?”

“நீ பாடிக்கிட்டே மாவு பிசைஞ்ச. நீ பாடிக் கேட்டு எவ்வளவு காலமாச்சு? சொல்ல வாய் வரல.”

விருந்தினர்கள் பூஸாவை மிச்சமின்றி உண்டார்கள். அறிவியலின் தோல்வி எவர் பசியையும் குறைக்கவில்லை. கூனியைப் பனித்துளை வழியே திருப்பி அனுப்பினேன். யாரோ ஒரு பேராசிரியரின் பெயரைச் சுமந்துகொண்டு அது கீழே இறங்கிற்று.

மறுநாள் காலையில் கொட்டிலிலிருந்து கர்மாவின் குரல் கேட்டது. “செசெக்மே! வாடி, தண்ணி குடி.” என்னைத்தான் கேலி செய்கிறார் என்று சினந்து வெளியே போனேன். வெள்ளைக் குதிரை காதை நிமிர்த்தி அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தப் பெயரைச் சொல்லி நான் அழைத்தாலும் வருகிறது. ஆழத்தில் இல்லாவிட்டால் என்ன, கரையில் ஓர் உயிர் என் பெயரோடு புல் மேய்கிறது.